முறிகண்டியில் பஸ் நிற்கும் பத்து நிமிடம்

போன கிழமை ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். வவுனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்துவிட்டு, ஒரு தனியார் இடத்தில் கேபிள் இழுத்துக்கொண்டும் சிசிடிவி பூட்டிக்கொண்டும் இருக்கிறான். "அண்ணை, நெற்வேர்க்கிங்கில மாஸ்டர்ஸ் செய்யிறது பிரயோசனமா, இல்லாட்டி சி.சி.என்.ஏ. எடுத்தாப் போதுமா?" என்று கேட்டான். சி.சி.என்.ஏ. என்பது சிஸ்கோ நிறுவனம் கொடுக்கிற வலையமைப்புச் சான்றிதழ். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பதற்குள் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். தேத்தண்ணி ஆறிப்போய், அவன் எழும்பும்போது இருட்டிவிட்டது. அன்று சொன்னதையும் சொல்ல விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பஸ் கதை. வன்னியில் இருந்துகொண்டு கொழும்பில் வார இறுதி வகுப்பாக முதுகலைப் பட்டம் படிப்பது என்றால் அதில் பாதிப் படிப்பு பஸ்ஸில்தான். 2019 தொடக்கத்தில் சேர்ந்தேன். வெள்ளி இரவு ஒன்பதரைக்குக் கிளிநொச்சி டிப்போச் சந்தியில் லப்டொப் பையோடு நிற்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து நிரம்பி வரும் பஸ்ஸில் கிளிநொச்சிக்காரனுக்கு மிச்சமிருப்பது கடைசி வரிசை, அல்லது சில்லுக்கு மேலே காலை மடக்கிக்கொண்டு இருக்க வேண்டிய சீற். விடிய நாலரைக்கு வெள்ளவத்தையில் இறங்கினால், அந்த நேரத்தில் மாமி வீட்டு மணியை அடிக்க மனம் வராது. காலி வீதியில் தேநீர்க் கடை ஒன்று திறக்கும்வரை நின்று, ஆறு மணிக்குப் போய் முகம் கழுவி, எட்டரைக்கு விரிவுரை. சனி முழுக்க, ஞாயிறு பின்னேரம் வரை. ஞாயிறு இரவு திரும்ப பஸ். திங்கள் விடிய வீடு, எட்டரைக்கு அலுவலகத்தில் கையொப்பம். போக ஏறக்குறைய 330 கிலோமீற்றர், வர அதே அளவு. திங்கட்கிழமைகளில் நான் மாற்றிய பாஸ்வேர்ட்டுகள் சிலவற்றைச் செவ்வாய்க்கிழமை எனக்கே தெரியாது.

அந்த வருடம் ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வகுப்புகள் சில கிழமை நின்றன. திரும்பத் தொடங்கியபோது வழியில் பழையபடி சோதனை. என் பையில் இரண்டு பழைய நெற்வேர்க் சுவிட்ச், ஒரு கட்டு வயர், அதன் நுனியில் ஆர்ஜே-45 தலை நெரிக்கிற குறடு. நள்ளிரவில், ரோர்ச் வெளிச்சத்தில், அரைகுறைச் சிங்களத்தில் அந்தக் குறடு எதற்கு என்று விளங்கப்படுத்துவதைவிட எந்த வாய்மொழிப் பரீட்சையும் எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. பஸ்ஸே எனக்காகக் காத்திருந்தது. யாரும் ஏசவில்லை. எல்லோரும் அனுபவப்பட்ட ஆட்கள்.

சரி, சி.சி.என்.ஏ.யா மாஸ்டர்ஸா? வேலை நாளைக்கே வேண்டுமென்றால் சி.சி.என்.ஏ. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரவுட்டர் ஒன்றை எப்படிக் கட்டமைப்பது, ஒரே வலையமைப்பை உள்ளுக்குள் துண்டு துண்டாக்குகிற வீஎல்ஏஎன் எப்படிப் பிரிப்பது, எங்கே உடைந்தது என்று எப்படித் தேடுவது, இதெல்லாம் கைக்கு வரும். மூன்று வருடத்தில் காலாவதியாகும், புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். மாஸ்டர்ஸ் அதைக் கற்றுத்தராது. என்னோடு படித்தவர்களில் சுவிட்ச் ஒன்றைக் கையால் தொடாமலே பட்டம் முடித்தவர்களும் இருக்கிறார்கள். அந்தப் படிப்பு கேட்பதெல்லாம் இது ஏன் இப்படி இருக்கிறது, வேறு மாதிரி இருந்திருக்கலாமா என்பதைத்தான். அந்தக் கேள்வி உனக்கு இரவில் நித்திரையைக் கெடுக்காது என்றால் காசை மிச்சம் பிடி, தம்பி.

காசைக் கட்ட முதல் ஒரு விஷயத்தை மட்டும் கேட்டு வை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறியாக மட்டும் செய்கிற முதுகலைமாணி 9ஆம் மட்டம், 30 திறமைப்புள்ளிகள். ஆய்வும் சேர்ந்தால் 10ஆம் மட்டம், 60 திறமைப்புள்ளிகள், இரண்டு வருடம். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். பின்னாளில் கலாநிதிப் பட்டத்துக்கோ விரிவுரையாளர் வேலைக்கோ யோசனை இருந்தால் ஆய்வு உள்ளதை எடு. எனக்கு இது தெரியவந்தது சேர்ந்து நாலு மாதத்துக்குப் பிறகு, அதுவும் பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் இருந்த ஒரு அக்கா சொல்லி. நல்ல காலம், மாற்றிக்கொள்ள வழி இருந்தது. லீவுக் கடிதம், கட்டண நீடிப்புக் கடிதம், இரண்டுக்கும் அலைந்த கதையை விடுகிறேன். உனக்கும் அது கிடைக்கும், எல்லோருக்கும் கிடைக்கும்.

இனிப் படிப்பு. எனக்கு முதலில் பிடித்துப்போனது 1986 ஒக்டோபரில் நடந்த ஒரு கதை. கலிபோர்னியாவில் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடம், பக்கத்தில் பேர்க்லி பல்கலைக்கழகம். இடையில் 400 யார் தூரம்தான், நடந்தே போகலாம். அந்த இணைப்பில் செக்கனுக்கு 32 ஆயிரம் பிட் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று 40 பிட்டுக்கு விழுந்தது. 40 ஆயிரம் இல்லை, வெறும் நாற்பது. எண்ணூறில் ஒரு பங்கு. வயர் அறவில்லை, மின்சாரம் போகவில்லை, யாரும் தாக்கவில்லை. எல்லாக் கணினிகளும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன, பிரச்சினையே அதுதான். அனுப்பிய தரவுப் பொதிக்குப் பதில் வராததால் ஒவ்வொன்றும் திரும்ப அனுப்பியது. திரும்ப அனுப்பியதால் நெரிசல் கூடியது, நெரிசல் கூடியதால் பதில் இன்னும் பிந்தியது, பிந்தியதால் இன்னொரு தரம் அனுப்பியது.

இதை விளங்கிக்கொள்ள எனக்குச் சமன்பாடு தேவைப்படவில்லை. விசுவமடுவில் சங்கக்கடை வரிசையில் நின்று நிவாரணம் எடுத்து வளர்ந்த பிள்ளை நான். வரிசை ஒழுங்காக நகர்ந்துகொண்டுதான் இருக்கும். யாரோ ஒரு ஆள் "மா முடியப் போகுதாம்" என்று ஒரு சொல்லைப் போடுவார். அவ்வளவுதான், பின்னால் நின்ற அத்தனை பேரும் முன்னுக்கு நெரிப்பார்கள், தராசு சரியும், மனேச்சர் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பார். மா இருக்கும், சனம் இருக்கும், ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. அந்தப் பேர்க்லி ஆய்வுகூடத்து வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதிய கட்டுரை இதற்குச் சொன்ன வழி, ஒவ்வொரு கணினியும் தானாகவே கொஞ்சமாகத் தொடங்கி, பதில் வர வரக் கூட்டிப் போக வேண்டும், தொலைந்தது தெரிந்தால் உடனே குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது. வரிசையை அடக்கப் பொலிஸ் வேண்டாம், ஒவ்வொருவரும் ஓரடி பின்னுக்கு நின்றால் போதும். எங்கள் சங்கக்கடையில் இது ஒருநாளும் நடக்கவில்லை. இணையத்தில் நடந்தது, இன்றைக்கும் நீ யூடியூப் பார்க்கும்போது நடந்துகொண்டிருக்கிறது.

இன்னொரு நாள் ஒரு சின்ன வீட்டுப்பாடம். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு இலட்சம் கிலோமீற்றர் போகும். அப்படியென்றால் உன் ஊரிலிருந்து கொழும்புக்குப் போய்வர எவ்வளவு நேரம்? எனக்கு 3.3 மில்லிசெக்கன் வந்தது. வீட்டில் சிம்மைப் போட்டு அளந்து பார்த்தால் காலையில் 45, இரவு எட்டு மணிக்கு 200க்கு மேலே. மிச்ச நேரம் எங்கே போகிறது? அதைத் தேடப் போய்த்தான் வரிசைகளைப் பற்றிய கணிதம் முழுவதையும் படித்தேன். ஒளி பிந்துவதில்லை, வாசலில் காத்து நிற்பதுதான் நேரம். போய்வர ஒளிக்கு 3.3 மில்லிசெக்கன், எனக்குப் பதினாலு மணித்தியாலம் என்று கணக்கின் கீழே சும்மா எழுதி வைத்தேன். விரிவுரையாளர் அதற்கும் ஒரு சரி போட்டிருந்தார்.

இவ்வளவும் எழுதினாலும் உண்மையில் நான் சொல்ல வந்தது வேறு.

இரண்டாம் அரையாண்டில் ஒரு விரிவுரை. அதுவரை படித்த எல்லாமே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுதான் தொடங்கின. அனுப்புகிறவரிலிருந்து பெறுகிறவர்வரை இந்தக் கணத்தில் ஒரு முழுப் பாதை இருக்கிறது என்பதுதான் அது. அன்றைக்கு வந்தவர் பலகையில் இரண்டு புள்ளி போட்டு நடுவில் கோட்டை அழித்துவிட்டு, பாதை இல்லையென்றால் என்ன செய்வாய் என்று கேட்டார். தாமதம் தாங்கும் வலையமைப்பு என்று அதற்குப் பெயர். கோள்களுக்கிடையே செய்தி அனுப்பத்தான் முதலில் யோசித்தார்களாம். செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு பக்கம் போகவே தூரத்தைப் பொறுத்து 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம்வரை எடுக்கும், இடையில் கிரகம் சுற்றி மறைந்தால் அதுவும் இல்லை. கெவின் ஃபோல் என்ற ஆய்வாளர் 2003இல் அதைப் பூமிக்குக் கொண்டுவந்தார். 2007இல் இணையத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான வின்ட் செர்ஃப் உட்படச் சிலர் சேர்ந்து அதை ஆர்.எஃப்.சி. 4838 என்று எழுதி வைத்தார்கள். இணையம் எப்படி வேலை செய்வது என்று எழுதி வைக்கிற ஆவணங்களுக்குத்தான் ஆர்.எஃப்.சி. என்று பெயர். சாராம்சம் இதுதான். பாதை இல்லாவிட்டால் செய்தியை வைத்துக்கொள், காவிக்கொண்டு போ, ஆளைக் கண்டால் கைமாற்று.

வகுப்பில் கொழும்புப் பெடியள் சிலர் சிரித்தார்கள். இது தபால்காரன் வேலைதானே என்று ஒருவன் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, 1998 வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை நடந்துகொண்டிருந்த காலம், கண்டி - யாழ்ப்பாணம் வீதியான ஏ9 மூடிக் கிடந்தது. சின்னமாமா சுவிஸில். அவருக்கு ஒரு போன் எடுப்பதென்றால் வவுனியாவுக்குப் போக வேண்டும், வவுனியாவுக்குப் போவதென்றால் பயண அனுமதிப் பாஸ் வேண்டும். அம்மா கடிதம் எழுதுவார். ஜாம் போத்தல் விளக்கில், கொப்பித் தாளில், மண்ணெண்ணெய் மணக்க மணக்க, ஒரே கடிதத்தை மூன்று தரம் எழுதுவார். கார்பன் தாள் கிடைக்காத காலம், எல்லாம் கையால்தான். ஒன்று வவுனியா ஆஸ்பத்திரிக்குப் பாஸ் கிடைத்துப் போகிற யாரிடமாவது. இன்னொன்று மன்னார்ப் பக்கம் போகிற சுவாமியிடம். மூன்றாவது தபாலில், போனால் போகட்டும் என்று. மேலே மூலையில் "கடிதம் 14" என்று இலக்கம் இருக்கும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: எத்தனையாம் கடிதம் கிடைத்தது என்று மறக்காமல் எழுதவும்.

அந்த வருடம் அம்மம்மா செத்துப்போனார். அந்தச் செய்தியும் அப்படித்தான் போனது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் கொண்டுபோன பிரதி, அந்தியேட்டி முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு மாமாவுக்குக் கிடைத்தது. சுவாமி கொண்டுபோனது அதற்கும் பிறகு. தபாலில் போட்டது எங்கெங்கோ கிடந்து ஆட்டைத் திவசத்துக்குக் கிட்டப் போய்ச் சேர்ந்தது. உறையைப் பார்த்ததும் புதுக் கடிதம் என்று நினைத்து உடைத்தேன் என்று மாமா பிறகு ஒருமுறை போனில் சொன்னார். அதற்கு மேலே சொல்லவில்லை.

அடுத்த கிழமை விரிவுரையில் "தெளித்துவிட்டுக் காத்திரு" என்று ஒரு முறை வந்தது. ஸ்பிரே அண்ட் வெயிட். 2005இல் வந்த கட்டுரை. சந்திக்கிற எல்லோருக்கும் பிரதி கொடுத்தால் வலையமைப்பே நிரம்பி அடைத்துவிடும், ஒரேயொரு பிரதி என்றால் அது தொலைந்தால் போச்சு, ஆகவே எண்ணி இத்தனை பிரதி என்று வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இரு. பிரதிகளின் எண்ணிக்கைக்கு எல் என்று குறியீடு. கொப்பியில் எல் = 3 என்று எழுதிப் பக்கத்தில் அம்மா என்று எழுதினேன். அந்தக் கொப்பி இப்போதும் இருக்கிறது.

ஆய்வுத் தலைப்பு அன்றைக்கே முடிவாகிவிட்டது. மேற்பார்வையாளர் காலிப் பக்கத்து ஆள், தன்மையான மனிதர். "வன்னியில் ஓடுகிற பஸ்களை வைத்துச் செய்தி கடத்தலாமா என்று பார்க்கப் போகிறேன் சேர்" என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பஸ் நேர அட்டவணை இருக்கிறதா என்று கேட்டார். அட்டவணை இருக்கிறது சேர், பஸ்தான் அதைப் பார்ப்பதில்லை என்றேன். அப்படியென்றால் நீயே போய் அளந்துகொண்டு வா என்றார்.

இதையெல்லாம் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க ஒரு சிமியுலேற்றர் இருக்கிறது, ஹெல்சிங்கியில் செய்தது, பெயர் "வன்". (வன்னிக்கு ஓரெழுத்துத்தான் குறைவு.) பதிவிறக்கித் திறந்தால் ஹெல்சிங்கி நகர வரைபடம், அதில் ஆட்கள் நடக்கிறார்கள், கார் ஓடுகிறது, ட்ராம் ஓடுகிறது. உலகத்தின் அளவு 4500 மீற்றருக்கு 3400 மீற்றர். விசுவமடுவிலிருந்து தர்மபுரம் போவதற்குள்ளேயே அந்த உலகம் முடிந்துவிடும். ஒரு செய்தியின் ஆயுள் 300 நிமிடம் என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் முதன்முதலாகச் சிரித்தேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து வீதிகளை எடுத்து, ஏ9ஐயும், மாங்குளம் - முல்லைத்தீவு ஏ34ஐயும், பரந்தன் - முல்லைத்தீவு ஏ35ஐயும் போட்டு, ட்ராமை அழித்து அரசாங்க இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் விட்டேன். உழவு இயந்திரத்துக்கும் ஒரு வகை வைத்தேன், அறுவடைக் காலத்தில் அதுதானே வீதியில் கூட.

இந்தத் துறையில் எனக்குப் பிடித்த இன்னொரு சங்கதி, ஸ்கண்டிநேவியாவின் வடக்கே கலைமான் மேய்க்கிற சாமி மக்கள். மந்தையோடு இடம் இடமாகப் போகிற அவர்களுக்கு இணைப்புக் கொடுக்கத்தான் சுவீடனில் 2000களின் தொடக்கத்தில் இந்த ஆராய்ச்சியின் ஒரு கிளை வளர்ந்தது. யார் யாரை அடிக்கடி சந்திக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து வழி தேடுகிற புரொஃபெற் என்ற முறையையும் அங்கே முயன்று பார்த்தார்கள், அது பிறகு ஆர்.எஃப்.சி. 6693 ஆனது. மாட்டுப் பட்டியோடு காட்டுக்குள் போய் மாதக்கணக்கில் கிடக்கிற எங்கள் ஆட்களை இதோடு சேர்த்து ஒரு அத்தியாயம் எழுதினேன். நீளம் கூடிவிட்டது என்று சேர் வெட்டிவிட்டார். இன்றைக்கும் எனக்கு அது கவலைதான்.

பிரச்சினை பஸ்கள் சந்திப்பதில் வந்தது. எதிரெதிரே இரண்டு பஸ் ஐம்பதில் வந்தால் ஒன்றையொன்று மணிக்கு நூறில் கடக்கின்றன. வைஃபை நூறு மீற்றர் எட்டும் என்று வைத்தால் அவை ஒன்றையொன்று "பார்க்கிற" நேரம் ஏழு செக்கன். புளூடூத் பத்து மீற்றர் என்றால் முக்கால் செக்கன்கூட இல்லை. ஹலோ சொல்லி முடிப்பதற்குள் போய்விடும். ஒவ்வொரு முறை ஓட்டிப் பார்க்கும்போதும் செய்திகள் பாதி வழியில் செத்தன. இரண்டு மாதம் இதோடு கிடந்தேன். எந்த வழிமுறையைப் போட்டாலும் சரிவரவில்லை, தலைப்பை மாற்றிவிடுவோமா என்றுகூட யோசித்தேன்.

அப்புறம் ஒரு வெள்ளி இரவு, நான் ஏறிக் கொஞ்ச நேரத்தில், பஸ் வழமைபோல முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நின்றது. டிரைவர் இறங்கிப் போய்த் தேங்காய் உடைத்தார், கொண்டக்டர் கற்பூரம் கொளுத்தினார், அரைவாசிச் சனம் இறங்கிக் கும்பிட்டுவிட்டு நீறு பூசிக்கொண்டு கச்சான் வாங்கியது. எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பஸ், எதிர்ப்பக்கம் யாழ்ப்பாணம் போகிற இன்னொன்று, ஒரு லொறி, இரண்டு வான். எல்லாம் பத்து நிமிடமாக ஓரிடத்தில் நிற்கின்றன. கச்சான் சரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஏ9இல் போகிற வாகனம் பிள்ளையாரிடம் நிற்காமல் போவது அருமை. எந்த அட்டவணையிலும் இது இல்லை, எந்த வரைபடத்திலும் இல்லை, ஆனால் இந்த நாட்டின் வடக்கில் இதைவிட நிச்சயமான சந்திப்பு இடம் வேறு இல்லை.

திங்கட்கிழமையே அந்த இடத்தில் ஒரு நிலையான கணுவைப் போட்டேன். வருகிற பஸ் செய்தியை இறக்கி வைக்கும், அடுத்து வருகிற பஸ் ஏற்றிப் போகும். கிழக்கே போகிறவற்றுக்காக ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோவிலுக்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பிறகு மூன்று பிரதி போதும் என்றானது, முந்தி எட்டு வைத்தும் சேராமல் போனவை. அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் ரிலே நோட் என்று பெயர் வைத்து, ஏன் அங்கே எல்லா வாகனமும் நிற்கின்றன என்பதற்கு ஒரு பந்தி அடிக்குறிப்பு எழுதினேன். சேர் அதை வெட்டவில்லை. அடுத்த முறை யாழ்ப்பாணம் போகும்போது தானும் அங்கே இறங்கியதாகவும், கச்சான் நன்றாக இருந்ததாகவும் சொன்னார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. பஸ் நின்றது, வகுப்பு ஸூமுக்கு வந்தது. பல்கலைக்கழகங்களை இணைக்கிற லேர்ன் வலையமைப்பின் வழியாக ஸூமுக்கு டேற்றா வெட்டாமல் விட்டார்கள், அது பெரிய உதவி. ஆனால் சிக்னல் வேண்டுமே. வீட்டில் ஒரு கோடு, இரணைமடுக் குளக்கட்டில் மூன்று கோடு. கட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டு வலையமைப்பு நம்பகத்தன்மை என்ற பாடத்தைக் கேட்டேன், அது ஆறு தரம் அறுந்தது. பகிடி இல்லை.

ஆய்வறிக்கை எழுதிய 2022 இன்னும் மோசம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் கோபுரங்களின் பட்டரியும் இறங்க, போனில் சிக்னலும் போய்விடும். டீசல் இல்லாமல் பஸ்ஸும் இல்லை. ஒருநாள் மேற்பார்வையாளருக்கு மூன்றாம் அத்தியாயம் அனுப்ப வேண்டியிருந்தது. யூஎஸ்பியில் ஏற்றி, கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப் போக டீசல் கிடைத்த லொறிக்காரத் தம்பியிடம் ஒன்று கொடுத்தேன், ஒரு பிரதியை வவுனியா போகிற நண்பனிடம் கொடுத்தேன், ஒன்றை மின்னஞ்சலில் போட்டுக் "கிடைத்தால் பதில் போடவும் சேர்" என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன். என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது அனுப்பி முடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. லொறிதான் முதலில் போய்ச் சேர்ந்தது.

அதனால் வாய்மொழிப் பரீட்சையில் ஒருவர், ஊரெல்லாம் 4ஜி வந்துவிட்டதே, இது யாருக்குத் தேவை என்று கேட்டபோது எனக்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. இந்த அறிக்கையின் மூன்றாம் அத்தியாயம் எப்படி வந்தது என்று என் மேற்பார்வையாளரைக் கேளுங்கள் என்றேன். சேர் சிரித்தார். கேட்டவர் சிரிக்கவில்லை, ஆனாலும் பாஸ் போட்டார்.

சம்பளம் கூடியதா என்று தம்பி கேட்டான். பெரிதாக இல்லை. அலுவலகத்தில் இன்னும் பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மயில் வந்து குந்திக் கேபிள் தொய்ந்தால் ஏணியோடு போவதும் நான்தான். கிழமைக்கு ஒருநாள் பின்னேரம் தொழில்நுட்பப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், அதில் சங்கக்கடைக் கதையையும் முறிகண்டிக் கதையையும் சொல்வேன். அதுவரைக்கும் போனை மேசைக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் அப்போது மட்டும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அன்று தம்பி போக எழும்பும்போது, நான் கடிதக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா வாசலுக்கு வந்தார். "மூண்டில்லை மோனை, நாலு எழுதுறனான்" என்றார். நாலாவது யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தரிட்டையும் குடுக்கேல்லை. என்ன எழுதினனான் எண்டு எனக்குத் தெரிய வேணுமே, மற்றக் கடிதம் எழுத. டிரங்குப் பெட்டிக்குள்ள வைச்சிருந்தனான். விசுவமடுவில விட்டிட்டு வந்தது, அந்தப் பெட்டி."

ஆய்வறிக்கையில் மூன்று என்றுதான் இருக்கிறது. கறுப்பு மட்டை போட்டுத் தங்க எழுத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று, இனித் திருத்த முடியாது.